மேயர் சொன்னால் தண்ணீர் வருமா? ஒரு கோடைக்கால நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு மாநகராட்சியில் 2024 கோடையில் நடந்தது இது. ஊர், வார்டு எண், ஆட்களின் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்னும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒருவருடைய பிழைப்பும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் அப்போது மன்றப் பிரிவில் இருந்தேன். மாமன்றக் கூட்டத்தில் கவுன்சிலர்கள் விவாதிக்க வேண்டிய விஷயங்களை, எங்கள் பேச்சில் 'பொருள்'களை, தயாரிப்பது, தீர்மானப் புத்தகம் எழுதுவது, மேயர் அறைக்கும் ஆணையர் அறைக்கும் நடுவே கோப்புகளைக் கொண்டுசெல்வது எல்லாம் எங்கள் பிரிவு வேலை. அதனால் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அடுத்த தேர்தலில் கவுன்சிலராக வரப்போகிறவர்களும், அவர்களில் மேயர் நாற்காலியில் உட்காரப் போகிறவரும் இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

பின்னணி

பிரச்சினை நடந்த இடம், 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பழைய ஊராட்சிப் பகுதி. ஒரு காலத்தில் சோளக்காடும் தோட்டங்களுமாக இருந்தது. பிறகு விசைத்தறிக் கூடங்கள் வந்தன, அவற்றைச் சுற்றி லைன் வீடுகள் வந்தன, அப்புறம் மனைப்பிரிவுகள் வந்தன. குழாய் மட்டும் ஊராட்சிக் காலத்துக் குழாய். உப்புத் தண்ணிக்கு ஆழ்குழாய்க் கிணறு இருந்தது. குடிக்கவும் சமைக்கவும் ஆகும் நல்ல தண்ணிக்கு மாநகராட்சியின் மேல்நிலைத் தொட்டியைத்தான் நம்பியிருந்தார்கள். நகரின் நடுப்பகுதியில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்துகொண்டிருந்தபோது, இங்கே எட்டு நாளைக்கு ஒருமுறை என்று பதிவேடு சொன்னது. மக்கள் பதினைந்து நாள் என்றார்கள்.

மேயர் ஒரு பெண். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு, மார்ச் 4-இல் மறைமுகத் தேர்தல். இந்த விவரம் இங்கே முக்கியம். இப்படி வரும் மேயர் முதலில் ஒரு வார்டு கவுன்சிலர். அவரை நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர்கள். அவர்களுடைய வார்டுக்குப் போகும் தண்ணீரைக் குறைத்து வேறு வார்டுக்குக் கொடுப்பது அவருக்குச் சுலபமான காரியம் இல்லை.

அதிகாரம் யாரிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வைத்தது. குடிநீர் விநியோகம் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாநகராட்சிக்கும் தனித்தனிச் சட்டம் இருந்த நிலை மாறி, 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முன்பும் சரி, இப்போதும் சரி, அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: மாமன்றம் தீர்மானிக்கும், ஆணையர் நிறைவேற்றுவார், மேயர் மன்றத்துக்குத் தலைமை வகிப்பார். ஆணையரை நியமிப்பது மாநில அரசு. ஓர் உதவிப் பொறியாளரை இடம் மாற்றக்கூட மேயரால் முடியாது.

ஆனால் மக்கள் கண்ணுக்குத் தெரிவது அங்கியும் கழுத்தில் தங்கச் சங்கிலியும் செங்கோலும்தான். மேயர் நினைத்தால் எதையும் செய்துவிடலாம் என்று அவர்கள் நம்புவதில் தப்பே இல்லை.

மார்ச் முதல் வாரம்: ஒரு தொலைபேசி உத்தரவு

மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. குறைதீர் கூட்டத்துக்கு அந்தப் பகுதியில் இருந்து இருபது பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலும் தறிக்குப் போகும் பெண்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேயர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, அங்கேயே பகுதிப் பொறியாளரைப் போனில் பிடித்தார். "இன்னிக்குச் சாயங்காலம் அந்த வீதிக்குத் தண்ணி போகணுமுங்க. நான் சொல்லிட்டேன்னு சொல்லி விடுங்க" என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. மறுநாள் காலை முறை வைத்திருந்த பக்கத்து மூன்று வீதிகளுக்கு வரவில்லை. அந்த வார்டு கவுன்சிலர், அவரும் மேயரின் கட்சிக்காரர்தான், அறைக்கு வந்து சத்தம் போட்டார். "உங்களைப் பார்க்க வந்தவங்களுக்கு மட்டும்தான் தண்ணியா? எங்க சனம் இன்னிக்குக் கடையில கேன் வாங்குது" என்றார். மேயர் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்று முகத்தில் தெரிந்தது.

தொட்டியில் இருப்பது ஓர் அளவுத் தண்ணீர். மேயர் குரல் கொடுத்ததால் அது ஒரு குடம்கூடக் கூடவில்லை. யாரோ ஒருவரின் முறை இன்னொருவருக்குப் போயிற்று, அவ்வளவுதான். அதோடு, வாய்மொழி உத்தரவுக்கு எந்தப் பதிவும் இல்லை. நாளைக்கு இதே பொறியாளர், 'மேயர் சொன்னதால் முறை மாறிவிட்டது' என்று எல்லாப் புகாருக்கும் அதையே பதிலாகச் சொல்ல வழி பிறந்துவிட்டது.

வால்வுக் குழியில் பார்த்தது

இரண்டு நாள் கழித்து, விடிகாலையில் மேயர் அந்தப் பகுதிக்குப் போனார். முன்கூட்டிச் சொல்லவில்லை. பொறியாளர் ஒருவரும் நானும் உடன் போனோம். ஐந்தரை மணிக்கு வால்வு திறக்கும் தொழிலாளி வந்தார். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது.

அவர் குழியின் மூடியைத் தள்ளி, ஆள் உயரத்துக்கு இருந்த இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகினார். திருகும்போது வாய்க்குள் எண்ணினார். ஒன்பதில் நிறுத்தினார். முழுதாகத் திறந்தால் எத்தனை சுற்று என்று மேயர் கேட்டார். "இருபத்திரெண்டுங்க அம்மா." பிறகு ஏன் ஒன்பதில் நிறுத்துகிறீர்கள்? "அதுக்கு மேல திறந்தா மேட்டுல இருக்கிற புது சைட்டுக்கு ஏறாதுங்க. அவங்க சத்தம் போடுவாங்க. ஒன்பது வெச்சா இங்க சன்னமாப் போகும், அங்கயும் ஏறும். இப்படித்தான் வெக்கச் சொல்லியிருக்காங்க." யார் சொன்னது என்று கேட்டதற்கு அவர் பேசவில்லை. மேயர் திரும்பவும் கேட்கவில்லை.

தெருவுக்குள் போனோம். முதல் ஏழெட்டு வீடுகளில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைசி லைன் வீட்டில் குழாய், நூல் போல ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே தரையைத் தோண்டிப் பள்ளத்தில் குடம் வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு மேலே ஏற வலு இல்லாததால் குழாயை அறுத்துத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அந்தத் தொழிலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எந்தத் தேதி எந்த வால்வு, எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது மூடியது என்று பேனாவில் எழுதி வைத்திருந்தார். ஊரில் யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக எழுதியதாம். அந்த நோட்டின்படி அந்தத் தெருக்களுக்கு இடைவெளி 13 நாள், 14 நாள், ஒருமுறை 17 நாள். பிரிவு அலுவலகத்துப் பதிவேட்டில் அதே மாதங்களுக்கு எட்டு நாள் என்று ஒரே மையில் எழுதியிருந்தது.

இந்த இடத்தில் மேயர் செய்தது எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது. அந்த நோட்டை அவர் வாங்கவில்லை. போட்டோ எடுக்க வேண்டாம் என்று என்னிடமும் சொல்லிவிட்டார். காரில் திரும்பும்போது காரணத்தைச் சொன்னார்: நோட்டைக் கூட்டத்தில் காட்டினால் பத்திரிகையில் வரும், ஒரு நாள் பேச்சாகும், அடுத்த மாதம் ஒப்பந்ததாரர் அந்த ஆளை நிறுத்திவிடுவார். உண்மை தெரிந்துவிட்டது, அதை வேறு வழியில் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

மார்ச் 16-க்கு முன் எடுத்த முடிவு

மக்களவைத் தேர்தல் அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்ற நேரம் அது. அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகள் வரும். மாமன்றம் கூட முடியாது, புதிய பணி தொடங்க முடியாது. கோடைத் தண்ணீர்ப் பிரச்சினை முற்றும் மாதங்களும் அவைதான்.

அவசரப் பணிகளுக்கு மேயரின் முன் அனுமதி பெற்று வேலையைச் செய்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் பின்னேற்புக்கு, அதாவது வேலை நடந்த பிறகு பெறும் ஒப்புதலுக்கு, வைக்கும் வழக்கம் உண்டு. மேயர் மேசையில் அந்த வாரம் வந்திருந்தது லாரித் தண்ணீருக்கான கோப்பு. அதற்கு முன் அனுமதி கொடுத்தால் உடனே பேர் கிடைக்கும். பகுதிக் கவுன்சிலர்களும் அதைத்தான் கேட்டார்கள். மேயர் ஆணையரோடு உட்கார்ந்து பேசினார். குடிநீர் அவசரம் என்றால் விதிகள் அமலில் இருக்கும்போதும் லாரி விட ஆணையரால் முடியும், அதற்கு மேயர் தேவையில்லை என்று தெளிவாயிற்று. அதனால் தன்னுடைய முன் அனுமதியை அவர் ஒரே ஒரு வேலைக்குத் தந்தார்: தொட்டியிலிருந்து வெளியே போகும் மூன்று பிரதானக் குழாய்களிலும் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் பொருத்துவது. கிடங்கில் மீட்டர்கள் சும்மா கிடந்தன. துறை ஆட்களே இரண்டு நாளில் மாட்டிவிட்டார்கள்.

கூடவே ஆணையருக்கு எழுத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார். தினமும் காலையும் மாலையும் மீட்டர் அளவைக் குறிக்க வேண்டும், எந்த வால்வு எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் என்பதையும் எழுத வேண்டும், அந்தத் தாளை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நிர்வாகத்திடம் அறிக்கை கேட்பது மேயரின் வேலை. வால்வைத் திறக்கச் சொல்வது அவர் வேலை இல்லை. நோட்டில் இருந்த விவரம் இப்படி அலுவல் தாளுக்கு வந்தது. நோட்டு வைத்திருந்தவர் யார் என்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

நடத்தை விதி நாட்கள்

மார்ச் 16-இல் அறிவிப்பு வந்தது. மேயர் அறை பூட்டப்பட்டது, அரசு காரை ஒப்படைத்தார். ஜூன் 6 வரை அப்படியே.

ஈரோட்டில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்ற கோடை அது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள், காலை ஷிப்டுக்கு முன்னால், அந்தப் பகுதிப் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸும் உதவி ஆணையரும் போனார்கள். மேயர் போகலாமா வேண்டாமா என்று அவர் வீட்டில் பெரிய பேச்சு. போனால் ஓட்டுக்காகப் போனது போல ஆகும், வாக்குறுதி கொடுத்தால் விதிமீறல், கொடுக்காவிட்டால் திட்டு விழும். கட்சிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள்.

அவர் போனார். கொடி இல்லை, உடன் அதிகாரிகள் இல்லை. உறவுக்காரப் பையனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். ஒரு பெரியம்மா நேராகவே கேட்டாராம்: "அம்மணி, நீ வந்ததுக்குத் தண்ணி வருமா வராதா? அதை மட்டும் சொல்லு."

"இப்ப என்னால உத்தரவு ஏதும் போட முடியாதுங்காத்தா. தேர்தல் முடியற வரைக்கும் எல்லாம் ஆணையர் கையிலதான். ஆனா எந்தப் பக்கம் எத்தனை தண்ணி போகுதுன்னு தினமும் எழுதறாங்க. கூட்டம் கூடுன அன்னிக்கு அதை நான் முன்னால வெக்கறேன்."

இந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தாகத்துக்குத் தாள் பதில் ஆகாது. ஆனாலும் அவர் போனது சரி என்றே நான் நினைக்கிறேன். தன்னால் முடியாததை முடியும் என்று சொல்லாமல், திட்டு வாங்க முகம் கொடுத்தார். மக்கள் பிரதிநிதி இருக்க வேண்டிய இடம் அது.

ஆணையர் அன்றைக்கே லாரி அனுப்பினார். இரண்டு வாரத் தாள்களை வைத்துக்கொண்டு பொறியாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அணையில் தண்ணீர் இல்லை, அதனால்தான் முறை தள்ளிப்போகிறது என்று அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மேயரும் அதை நம்பியிருந்தார். தாள்கள் வேறு கதை சொன்னன. தொட்டியிலிருந்து வெளியேறிய தண்ணீர் ஓரளவு குறைந்திருந்தாலும், எட்டு நாள் முறைக்குப் போதுமானதாகவே இருந்தது. பிரதானக் குழாய் அந்தப் பழைய பகுதியைத் தொடுவதற்கு முன்பே, வழியில் புது மனைப்பிரிவுகளுக்குக் கிளை எடுத்திருந்தார்கள். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கொடுத்த இணைப்புகள். சிலவற்றுக்குக் கவுன்சிலர்களின் பரிந்துரைக் கடிதம் கோப்பிலேயே இருந்தது. அதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஜூன் மாதக் கூட்டம்

விதிகள் விலகியதும் கூடிய முதல் மாமன்றக் கூட்டத்துக்கு ஏகப்பட்ட பொருட்கள் சேர்ந்திருந்தன. பல மாநகராட்சிகளில் நடப்பது தெரியும்: கொஞ்சம் கூச்சல், ஒரு வெளிநடப்பு, எல்லாப் பொருளும் ஒரே மூச்சில் நிறைவேறியதாக அறிவிப்பு, தேசிய கீதம். தண்ணீர்ப் பொருளை மட்டும் தனியாக, முதலில் எடுக்க மேயர் முடிவு செய்தார். அதை எங்களிடம் சொன்னபோது மூத்தவர் ஒருவர், "மேடம், கடைசியில வெச்சா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். "அதுக்குத்தான் முதல்ல வெக்கறேன்" என்றார் மேயர்.

பொருளில் மூன்று விஷயங்கள் இருந்தன. அந்தப் பிரதானக் குழாயில் இனிப் புது இணைப்பு கொடுப்பதில்லை. பழைய பகுதிக்குத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் போட வேண்டும்; செலவு குடிநீர் மற்றும் வடிகால் நிதியிலிருந்து. தனிக் குழாய் வரும்வரை நடுப்பகுதி வார்டுகளின் முறையை நான்கு நாளிலிருந்து ஆறு நாளாக்கி, மிச்சத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். தினசரித் தாள்களைக் கவுன்சிலர்கள் எல்லோருக்கும் முன்பே அனுப்பியிருந்தோம்.

முதல் இரண்டுக்கும் பெரிய எதிர்ப்பு இல்லை. மூன்றாவதில் வெடித்தது. நடுப்பகுதிக் கவுன்சிலர்கள் கட்சி பாராமல் ஒன்றுசேர்ந்தார்கள். "எங்க வார்டு வரி கட்டுது. எதுக்காக எங்க தண்ணியை எடுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். இணைந்த பகுதியின் கவுன்சிலர் எழுந்து, "2011-லிருந்து நாங்களும் அதே வரியைத்தானே கட்டறோம்" என்றார். மேயர் இருவரையும் பேச விட்டார். குறுக்கே போகவில்லை. ஒவ்வொரு வார்டாக அந்தத் தாளில் இருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். உறுப்பினர்களே தங்கள் வாயால் படித்தார்கள். மன்றத்துக்குத் தலைமை வகிப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் முழுதாகப் புரிந்தது. எதை முதலில் எடுப்பது, எதை உறுப்பினர் முன்னால் வைப்பது, எவ்வளவு நேரம் பேச விடுவது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. அதற்கு ஆணையர் வேண்டாம், அரசாணை வேண்டாம்.

கடைசியில் ஆறு நாள் ஐந்து நாளாகக் குறைந்தது. அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்துத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

பிறகு நடந்தது

ஆகஸ்டுக்குள் அந்தப் பகுதிக்கு ஒன்பது, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரத் தொடங்கியது. வால்வு இப்போது பதினாறு சுற்று திறக்கிறது. எட்டு நாள் என்ற கணக்கு இன்னும் எட்டவில்லை. மழை வந்ததும் உதவியது. தீர்மானத்தால் மட்டும் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

குழாயோடு சேர்த்துத் தண்ணீரை உறிஞ்சும் மோட்டார்களைப் பறிமுதல் செய்யும் வேலையும் தொடங்கியது, ஆனால் அரைகுறையாக நின்றது. முதல் வாரம் பிடித்த மோட்டார்களில் ஒன்று ஒரு கட்சி நிர்வாகியுடையது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேயருக்கு அழுத்தம் வந்தது. அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பறிமுதலுக்கு ஆள் போகவும் இல்லை.

தனிக் குழாய்க்கு ஒப்பந்தம் கோரி, வேலை தொடங்கி, தீபாவளிக்குள் பாதி முடிந்தது. மீதிக்கு மாநில நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டும். அந்த அனுமதி நான் ஓய்வு பெறும்போதும் நிலுவையில் இருந்தது. மாவட்ட அளவில் இரண்டு துறைகளை உட்கார வைத்துப் பேசச் செய்வது மேயரால் ஆகக்கூடிய காரியம். இந்த விஷயத்தில் அவர் கடிதத்தோடு நின்றுவிட்டார் என்பது என் வருத்தம்.

நடுப்பகுதிக் கவுன்சிலர்கள் சிலர் மேயரைப் பற்றிக் கட்சித் தலைமைக்குப் புகார் எழுதினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த மூன்று கூட்டங்களில் அவர் கொண்டுவந்த வேறு பொருட்கள் இழுத்தடிக்கப்பட்டன. மறைமுகத் தேர்தலில் வந்த மேயர் இப்படி ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. வால்வு திறக்கும் தொழிலாளி அதே வேலையில் இருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தண்ணீர்ப் பொருள் ஜனவரியிலேயே மன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். கோடை எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2024-இல் மக்களவைத் தேர்தல் வரும் என்பதும் தெரிந்ததுதான். மார்ச்சில் தொடங்கியதால் பத்து நாள்தான் கையில் இருந்தது. மீட்டரைத் தவிர வேறு எதுவும் செய்ய நேரமில்லை.

தினசரித் தாளை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டும் ஏற்பாடு இரண்டு மாதம் நடந்து நின்றுபோனது. அதை ஒரு அதிகாரியின் ஆர்வத்தில் விட்டதுதான் காரணம். தீர்மானத்தில் நான்காவது விஷயமாக அதைச் சேர்த்திருந்தால் நிறுத்துவதற்கும் மன்றத்தைக் கேட்க வேண்டியிருக்கும். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகக் கூடின. இந்த வார்டிலும் பெயருக்குக் கூடிக் கலைந்திருக்கிறது. அங்கே அந்தத் தாளை மக்கள் முன்னால் படித்திருந்தால், ஒரே மையில் எழுதிய எட்டு நாள் கணக்கு முதல் கூட்டத்திலேயே மாட்டியிருக்கும். தறிக்குப் போகும் பெண்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்திருக்கவும் வேண்டாம். சபையை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை அதற்கு ஒரு சுற்றறிக்கைகூடப் போகவில்லை. இப்போது பொறுப்பில் இருப்பவர்கள் நாளைக்கே அதை அனுப்பலாம்.